காற்றில் நடுங்கும் காணொளி

ஆடி மாதத்தில் பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் நின்றவர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வாய் திறந்து பேசினால் சொல் பக்கத்தில் நிற்பவர் காதுக்குப் போய்ச் சேராது. வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். அப்படி நின்றபடி, இணையாக ஓடும் ரயில் பாலத்தில் மண்டபம் பக்கமிருந்து ரயில் வருவதற்காக நானும் நண்பர் ஒருவரும் காத்திருந்தோம். என்னிடம் கைபேசி, ஐந்து மடங்கு ஜூம் வைத்திருந்தேன். நண்பர் முக்காலி கொண்டுவந்து, நீளமான லென்ஸ் மாட்டிய கேமராவை அதன்மேல் நிறுத்தியிருந்தார். ரயில் வந்தது, கடலின் மேல் ஊர்ந்து கடந்தது. சன்னலிலிருந்து கையசைத்த குழந்தை வரைக்கும் இருவரும் கண்ணாரப் பார்த்தோம்.

அறைக்குத் திரும்பிப் போட்டுப் பார்த்தால் இரண்டு காணொளியும் பார்க்கும்படியாக இல்லை. ஆனால் இரண்டும் ஒரே மாதிரி கெடவில்லை. என்னுடையதில் ரயில் படகில் ஏற்றி வைத்ததுபோல் மெதுவாக மேலும் கீழும் பெரிதாகத் தள்ளாடியது. நண்பருடையதில் ரயில் சட்டத்தின் நடுவில்தான் இருந்தது. ஆனால் பொடிப்பொடியாக, விடாமல் நடுங்கியது. பாலத்தின் தூண்கள் நுங்கைத் தட்டினால் குலுங்குமே, அப்படி நெளிந்தன.

அன்று தொடங்கிய கேள்விகள்தான் இந்தக் கட்டுரை. கண்ணுக்கு ஆடாத ரயில் கேமராவுக்கு ஏன் ஆடியது? ஒரே காற்று கையில் ஒரு விதமாகவும் முக்காலியில் வேறு விதமாகவும் ஏன் விளையாடியது? கெட்டுப்போனதை எந்த அளவுக்குச் சரிசெய்யலாம்?

முதலில் கண். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். சுட்டுவிரலை முகத்துக்கு எதிரே ஓரடி தள்ளிப் பிடித்துக்கொண்டு, தலையை அசைக்காமல் விரலை மட்டும் இடமும் வலமும் வேகமாக ஆட்டுங்கள். விரலின் ரேகை தெரியாது, எல்லாம் கலங்கிவிடும். இப்போது விரலை அசைக்காமல் வைத்து, தலையை அதே வேகத்தில் ஆட்டுங்கள். ரேகை தெளிவாகத் தெரியும். இரண்டு தடவையும் கண்ணுக்கும் விரலுக்கும் இடையே நடந்த அசைவு ஒன்றுதான். வேறுபாடு எங்கிருந்து வந்தது?

காதிலிருந்து. நம் உட்காதில் ஒவ்வொரு பக்கமும் மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. உள்ளே திரவம். தலை திரும்பும்போது திரவம் பின்தங்குகிறது, பேருந்து திடீரெனக் கிளம்பும்போது நாம் பின்னால் சாய்வதுபோல. அந்தப் பின்தங்கலை நரம்பு படித்து, கண்ணை அதே அளவு எதிர்ப்பக்கம் திருப்பச் சொல்லிவிடுகிறது. இதற்கு ஆகும் நேரம் ஏறக்குறைய ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு. ஆடும் விரலைக் கண் பார்த்து, மூளை கணக்கிட்டு, பின்தொடர்வதற்கோ அதைப்போலப் பத்து மடங்கு நேரம் ஆகும். அதனால்தான் ஒன்று கலங்குகிறது, மற்றொன்று கலங்குவதில்லை.

இது எப்படித் தெரியவந்தது? வியன்னாவில் காது மருத்துவராக இருந்த ராபர்ட் பாரனி, நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது ஒன்றைக் கவனித்தார். தண்ணீர் குளிர்ந்திருந்தால் கண்கள் தாமாக ஒரு பக்கம் துடித்தன. சூடாக இருந்தால் எதிர்ப்பக்கம். வெப்பத்தால் குழாய்த் திரவம் நகர, தலை திரும்புவதாகக் கண் ஏமாந்திருக்கிறது. அந்த ஆராய்ச்சிக்காக 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. இன்னொரு சான்று மனதை உலுக்குவது. ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தால் இந்தச் சமநிலை உறுப்பையே இழந்துவிட்ட ஒரு மருத்துவர், 1952இல் ஒரு மருத்துவ இதழில் தன் அனுபவத்தை எழுதினார். படுக்கையில் படுத்துப் புத்தகம் படிக்க முயன்றால், நாடித்துடிப்பால் தலை அசையும் அந்தச் சிறு அசைவுக்கே எழுத்துகள் குதித்தனவாம். கட்டிலின் இரண்டு கம்பிகளுக்கு இடையே தலையை அண்டக் கொடுத்துத்தான் படித்திருக்கிறார். அவர் கண் அன்று பார்த்ததைத்தான் நம் கேமரா எப்போதும் பார்க்கிறது. பாம்பன் பாலத்தில் காற்று என் தலையையும் ஆட்டியிருக்கிறது. காது அதைத் திருத்தித் திருத்திக் கொடுத்ததால் எனக்குத் தெரியாமல் போனது.

அடுத்து, ஆட்டம் என்றால் என்ன வகை ஆட்டம்? நான் வெகுநாள் தவறாக நினைத்திருந்தது இங்கேதான். கேமரா இடம் நகர்வதால் படம் நகர்கிறது என்று எண்ணியிருந்தேன். கணக்குப் போட்டால் வேறு விஷயம் தெரிகிறது. ரயில் அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. படத்தில் அது அரை பாகை தூரம் தள்ளித் தெரிய வேண்டுமானால், கைபேசியை நேராகப் பக்கவாட்டில் நாலு மீட்டருக்கு மேல் நகர்த்த வேண்டும். காற்று என்னை அப்படித் தூக்கிப் போடவில்லை. ஆனால் கைபேசியை நின்ற இடத்திலேயே அரை பாகை திருப்பினால் போதும், அதே விளைவு வந்துவிடும். அதற்குக் கைபேசியின் ஒரு முனை ஒன்றரை மில்லிமீட்டர்கூட அசைய வேண்டியதில்லை. இருட்டில் டார்ச் விளக்கை எதிர்வீட்டுச் சுவரில் அடித்துப் பாருங்கள். மணிக்கட்டு இம்மி திரும்பினால் வெளிச்சம் ஒரு முழம் தாவும். காற்று நமக்குச் செய்யும் கெடுதல் இந்தத் திருகல்தான். இதைக் கோண அசைவு என்று சொல்வோம்.

ஜூம் செய்தால் இது பெருகும். சாதாரணக் கைபேசி லென்ஸ் ஏறக்குறைய 70 பாகை அகலத்தை 1920 படப்புள்ளிகளில் விரித்துக் காட்டுகிறது. அரை பாகை ஆட்டம் அதில் சுமார் 14 புள்ளி. யாரும் பெரிதாகக் கவனிக்க மாட்டார்கள். ஐந்து மடங்கு ஜூமில் அதே 1920 புள்ளிகளுக்குள் சுமார் 16 பாகைதான் அடங்குகிறது. இப்போது அதே அரை பாகை 60 புள்ளி. பத்து மடங்கில் 120. கை அதே கை, காற்று அதே காற்று.

இனி காற்றுக்கு வருவோம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நாலு மடங்காகும். காரணம் எளிது. ஒரு நொடியில் நம் மேல் வந்து மோதும் காற்றின் அளவு இரண்டு மடங்காகிறது. அதில் ஒவ்வொரு துளியும் இரண்டு மடங்கு வேகத்தில் மோதுகிறது. இரண்டும் பெருகி நாலு. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று எதிரே நிற்கும் ஒருவரைச் சுமார் 4 கிலோ எடையளவு தள்ளும். பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை விடுவதில்லை என்பது விதியாக இருந்தது. அந்த வேகத்தில் தள்ளும் விசை 10 கிலோவை எட்டிவிடும்.

ஆனால் வெறும் தள்ளல் படத்தைக் கெடுக்காது. ஒரே சீராகத் தள்ளும் காற்று இருந்தால் முக்காலி இம்மி சாய்ந்து, சாய்ந்தபடியே நிற்கும், படமும் நிற்கும். கெடுப்பது காற்றின் ஏற்ற இறக்கம். ஒரு வீச்சு வரும், ஓயும், மறுபடி வரும். நான் அதற்கு எதிராக உடம்பைச் சாய்த்து நிற்கிறேன், வீச்சு ஓய்ந்ததும் என் சாய்வு மிச்சமாகிறது, திரும்ப நிமிர்கிறேன். நொடிக்கு ஓரிரு தடவை நடக்கும் இந்த இழுபறிதான் என் காணொளியின் படகாட்டம்.

நண்பரின் முக்காலிக்கு நடந்தது வேறு. வாளி நிறையத் தண்ணீர் தூக்கி நடந்தவர்களுக்கு ஒன்று தெரியும். சில நடைக்குத் தண்ணீர் அமைதியாக இருக்கும். ஒரு குறிப்பிட்ட நடைக்கு மட்டும் தளும்பித் தளும்பிக் காலில் கொட்டும். வாளித் தண்ணீருக்கென்று ஒரு சொந்த ஆட்ட வேகம் உண்டு. நம் காலடி அந்த வேகத்தோடு ஒத்துப்போனால் ஒவ்வொரு அடியும் முந்தைய தளும்பலோடு சேர்ந்து வளர்கிறது. இதை ஒத்ததிர்வு என்கிறோம். முக்காலியும் ஒரு வாளித் தண்ணீர்தான். தட்டிவிட்டால் அது தனக்கென்று உள்ள ஒரு வேகத்தில் நடுங்கி ஓயும். அந்த இயல் அதிர்வெண் பெரும்பாலும் நொடிக்குச் சில தடவையிலிருந்து சில பத்துத் தடவை வரை இருக்கும். காற்றின் கொந்தளிப்பில் எல்லா வேகமும் கலந்திருப்பதால், முக்காலி தனக்குப் பிடித்ததைப் பொறுக்கி எடுத்துப் பெருக்கிக்கொள்கிறது.

போதாததற்கு, சீரான காற்றையும் ஒரு தடி தாளம் போட வைத்துவிடும். மின்கம்பியில் காற்று ரீங்காரமிடுவதைக் கேட்டிருப்பீர்கள். செக் நாட்டு இயற்பியலாளர் வின்சென்ட் ஸ்ட்ரோஹால் 1878இல் அந்த ரீங்காரத்தை ஆராய்ந்தார். கம்பி இறுக்கமா தளர்வா என்பதைவிட, காற்றின் வேகமும் கம்பியின் தடிமனும்தான் சுருதியைத் தீர்மானிக்கின்றன என்று கண்டார். தடியைத் தாண்டும் காற்று ஒரு தடவை இடப்பக்கம், ஒரு தடவை வலப்பக்கம் என்று சுழிகளை மாறி மாறிக் கழற்றிவிடுகிறது, ஆற்று நடுவே நட்ட கழிக்குப் பின்னால் நீர் சுழித்துப் போவதுபோல. ஒவ்வொரு சுழியும் தடியைப் பக்கவாட்டில் இம்மி இழுத்துவிட்டுப் போகும். தடியின் தடிமனைப்போல் ஐந்து மடங்கு தூரத்தைக் காற்று கடக்கும் நேரத்தில் ஒரு முழுச் சுற்று முடிகிறது. முக்காலிக் காலின் தடிமன் 2 சென்டிமீட்டர், காற்று நொடிக்கு 5 மீட்டர் என்றால், நொடிக்கு 50 சுற்று. வெயிலை மறைக்க லென்ஸின் முன்னால் மாட்டும் அகலமான மூடாக்கு இதைவிட மெதுவான தாளம் போடும். எது முக்காலியின் இயல் அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் வருகிறதோ அது நடுக்கமாகிறது.

இதற்கு மாற்று நம் ஊரிலேயே இருந்தது. தண்ணீர்க் குடம் தூக்கி வரும்போது எங்கள் வீட்டுப் பெண்கள் மேலே ஒரு வேப்பங்கொத்தைப் போட்டு வருவார்கள். இலைகள் தளும்பலின் சக்தியை உரசி உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் அடங்கி வரும். அறிவியலில் இதற்குப் பெயர் தணிப்பு. உயரழுத்த மின்கம்பிகளில், கோபுரத்தை ஒட்டிச் சின்ன டம்பெல் போல ஒன்று தொங்குவதைப் பார்த்திருக்கலாம். ஜார்ஜ் ஸ்டாக்பிரிட்ஜ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1920களில் கண்டுபிடித்தது அது. கம்பிக்குப் போட்ட வேப்பங்கொத்து.

இவ்வளவும் தெரிந்தபின் தடுப்பு என்பது பொது அறிவாகிவிடுகிறது. காணொளி எடுப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது: தாழ்ந்து உட்காருங்கள். தரையை உரசும் காற்று மெதுவாகத்தான் போகும். மேலே போகப் போகத்தான் வேகம் கூடும். வானிலை நிலையங்கள் காற்றை 10 மீட்டர் உயரத்தில் அளப்பது இதனால்தான். புல் தரையில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள காற்றின் வேகத்தில் ஏறக்குறைய 70 விழுக்காடுதான் அரை மீட்டர் உயரத்தில் இருக்கும். விசை வேகத்தின் இருமடிப்படி குறைவதால், அங்கே தள்ளல் பாதியாகிவிடுகிறது. முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தவே வேண்டாம். ஒரு தண்டின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் அதன் விறைப்பு எட்டில் ஒரு பங்காகக் குறையும். கால்களை நீட்ட வேண்டியிருந்தால் மேலே உள்ள தடித்த துண்டுகளை நீட்டுங்கள். அடியில் உள்ள மெல்லிய துண்டுகள் உள்ளேயே இருக்கட்டும்.

கேமராவின் தோள் வார் ஒரு கொடி. அது படபடக்கும் ஒவ்வொரு தடவையும் கேமராவைச் சுண்டுகிறது. நண்பரின் கேமராவில் அன்று அந்த வார் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றுவதற்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். பெரிய லென்ஸ் மூடாக்கு, பக்கவாட்டில் விரித்த திரை எல்லாமே பாய்மரம்தான். வெயில் முகத்தில் அடிக்காவிட்டால் மூடாக்கு எதற்கு?

முக்காலியின் நடுவில் பையைத் தொங்கவிடச் சொல்வார்கள். அதில் பாதிதான் சரி. காற்றில் தொங்கும் பை தானே ஊசலாகி முக்காலியை உதைக்கும். பையின் அடி தரையைத் தொடும்படி விடுங்கள். அப்போது அது எடையாகவும் இருக்கும், உரசித் தணிக்கவும் செய்யும். முக்காலி இல்லாதவர்கள் கேமராவின் அடியில் உள்ள திருகு துளையில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு மேல்நோக்கி இறுக்கிப் பிடிக்கலாம். செலவில்லாத முறை, நன்றாகவே வேலை செய்யும். கைபேசிக்காரர்கள் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, முதுகை எதிலாவது சாய்த்துக்கொண்டால் போதும். ஜூமைக் குறைத்து, முடிந்தால் பக்கத்தில் போங்கள்.

காற்றை மறைப்பது பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் பலர் தவறுகிறார்கள். கெட்டியான சுவருக்குப் பின்னால் காற்று இருக்காது என்று நினைப்போம். சுவரைத் தாண்டிக் குதிக்கும் காற்று பின்னால் இறங்கிச் சுழன்று அடிக்கும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரோரம் சருகுகள் வட்டமடிப்பதைப் பாருங்கள். பாதி அடைத்துப் பாதி விடும் தடுப்புதான் நெடுந்தூரத்துக்கு அமைதி தரும். ஊடே கசியும் மெதுவான காற்று, பின்னால் சுழிகள் பிறக்க விடாமல் தடுக்கிறது. நம் கடற்கரையோரச் சவுக்குத் தோப்புகள் செய்யும் வேலை இதுதான். நாற்றங்காலுக்குக் கட்டும் 50 விழுக்காடு பச்சை நிழல்வலையை இரண்டு கழிகளில் கட்டி, முக்காலிக்குக் காற்று வரும் பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றால் சின்னச் சவுக்குத் தோப்பு கிடைத்துவிடும். வலையும் கழியும் முக்காலியில் படக்கூடாது, அவ்வளவே.

உங்கள் முக்காலி எந்த வேகத்தில் நடுங்குகிறது என்று வீட்டிலேயே அளக்கலாம். ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 'ஃபைஃபாக்ஸ்' என்ற இலவசச் செயலியை வெளியிட்டிருக்கிறது. அது கைபேசிக்குள் இருக்கும் உணர்விகளை ஆய்வுக்கூடக் கருவிகளாக்கிவிடும். கைபேசியை முக்காலியில் மாட்டி, முடுக்கத்தின் அதிர்வெண் வரைபடத்தைத் திறந்து, காலை விரலால் சுண்டுங்கள். ஒரு முகடு எழும். அதுதான் இயல் அதிர்வெண். நடுத்தண்டை உயர்த்திச் சுண்டினால் முகடு கீழ்ப்பக்கம் நகரும், நடுக்கம் ஓய நேரமாகும். காலைத் தாழ்த்தினால் திரும்ப ஏறும். சொல்லிக் கேட்பதைவிட இதைக் கண்ணால் பார்ப்பது உறுதி தருகிறது.

கருவிகளின் பக்கம் வந்தால், பெரும்பாலானவை நம் காது செய்யும் வேலையைத்தான் செய்கின்றன. ஜப்பானில் மத்சுஷிதா நிறுவனத்தில் இருந்த மித்சுரு ஓஷிமா, திருப்பத்தை உணரும் கருவியான சுழல்காட்டியில் (ஜைரோஸ்கோப்) அதிரும் வகையை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1982இல் ஹவாயில், ஓடும் காரிலிருந்து நண்பர் எடுத்த காணொளி ஆடுவதைப் பார்த்தபோது, அந்தச் சுழல்காட்டியைக் கொண்டே ஆட்டத்தை அளந்து திருத்தலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1988இல் பானசோனிக் பெயரில் அப்படி ஒரு காணொளிக் கேமரா விற்பனைக்கு வந்தது. இன்று கைபேசியில் உள்ள சுழல்காட்டியில் சுழலும் பம்பரம் எதுவும் கிடையாது. கடுகைவிடச் சிறிய சிலிக்கான் துண்டு முன்னும் பின்னும் அதிர்ந்துகொண்டே இருக்கும். கைபேசி திரும்பினால் அந்த அதிர்வு பக்கவாட்டில் விலகும்; விலகலை அளந்தால் திருப்பம் தெரியும். ஈக்களுக்குப் பின்சிறகு இருக்க வேண்டிய இடத்தில் உள்ள சின்னக் குமிழ்த் தண்டுகளும் இதே முறையில்தான் வேலை செய்கின்றன. ஆங்கிலேயரான வில்லியம் டெர்ஹம் 1714இலேயே அந்தக் குமிழை வெட்டிப் பார்த்திருக்கிறார். குமிழ் போன ஈ பறக்க முடியாமல் விழுந்தது.

திருப்பம் தெரிந்துவிட்டால் லென்ஸையோ உணர்வியையோ எதிர்ப்பக்கம் நகர்த்தலாம். இது ஒளியியல் நிலைப்படுத்தல். கேமராவையே மூன்று மின்மோட்டார்களால் எதிர்ப்பக்கம் திருப்பினால் கிம்பல். திரைப்படத்துக்காக காரெட் பிரவுன் உருவாக்கி 1976 முதல் படங்களில் பயன்பட்ட ஸ்டெடிகாம், மோட்டாரே இல்லாமல் இதைச் செய்தது. கழைக்கூத்தாடி நீளக் கழியைக் குறுக்காகப் பிடிப்பது எதற்கு? எடை நடுவிலிருந்து தள்ளிப் பரவியிருந்தால் திருப்புவது கடினம். பாடநூல் இதை நிலைமத் திருப்புத்திறன் என்கிறது. பிரவுன் கேமராவை ஒரு முனையிலும் மின்கலத்தையும் திரையையும் மறுமுனையிலும் வைத்தார். ஆனால் அந்த ஸ்டெடிகாம் காற்றுக்கு அஞ்சும். விரலால் தொட்டால் திரும்பும்படி இலகுவாகச் சமன்செய்யப்பட்டது, காற்றுக்கும் அப்படித்தானே திரும்பும்? அதனால் வெளிப்புறப் படப்பிடிப்பில் வலைத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓர் உதவியாளர் கூடவே ஓடுவார். எவ்வளவு விலை கொடுத்தாலும் காற்றை மறைக்கும் வேலை மிச்சம் இருக்கிறது.

சிலி நாட்டில் ஐரோப்பியர் கட்டிவரும் 39 மீட்டர் தொலைநோக்கியில்கூட, காற்றின் ஆட்டத்தைத் திருத்துவதற்கென்றே ஒரு தட்டைக் கண்ணாடி வைக்கிறார்கள். அவர்கள் சிக்கலும் நம் சிக்கலும் ஒன்று; ஜூம் மட்டும் பெரிது.

கடைசியில், எடுத்து முடித்ததைச் சரிசெய்வது. மென்பொருள் செய்யும் காரியத்தை நூலில் கோத்த படங்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். முதலில் ஒவ்வொரு படத்திலும் எளிதில் அடையாளம் தெரியும் புள்ளிகளைத் தேடும்: சன்னல் மூலை, தூணின் முனை. வெறும் வானமோ வெள்ளைச் சுவரோ உதவாது. அடுத்த படத்தில் அதே புள்ளிகள் எங்கே போயின என்று பார்க்கும். எல்லாம் ஒரே பக்கம் நகர்ந்திருந்தால் கேமரா ஆடியிருக்கிறது என்று பொருள். சில புள்ளிகள் ரயிலோடு ஓடும், சில அலையோடு புரளும். ஆகவே ஊர்ப் பஞ்சாயத்துபோலப் பெரும்பான்மை எதைச் சொல்கிறதோ அதை ஏற்று, மாறிச் சொல்பவர்களை ஒதுக்கிவிடும். மார்ட்டின் ஃபிஷ்லரும் ராபர்ட் போல்ஸும் 1981இல் வகுத்த முறை இது. பிறகு, கேமரா போன கோணலான பாதையை வழவழப்பாக்கி, ஒவ்வொரு படத்தையும் அந்தப் புதிய பாதைக்குத் தள்ளி வைக்கும். 2011இல் கூகுள் ஆய்வாளர்கள் யூடியூபுக்காகச் செய்த முறையில் ஓர் அழகு உண்டு. நல்ல ஒளிப்பதிவாளரின் கேமரா ஒன்று அசையாமல் நிற்கும், அல்லது ஒரே வேகத்தில் நகரும், அல்லது மெல்ல வேகமெடுக்கும். எந்த ஆட்டத்தையும் இந்த மூன்றின் துண்டுகளாகப் பிரித்துத் திரும்பக் கட்டினார்கள்.

இந்த வேலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சம்பவம். 1996 ஜூலையில் அட்லாண்டா ஒலிம்பிக் பூங்காவில் குண்டு வெடித்தது. அங்கே இருட்டில் கையால் எடுத்த ஆட்டமான காணொளி ஒன்று விசாரணைக்குக் கிடைத்தது. அமெரிக்கப் புலனாய்வுத் துறை உதவி கேட்டது நாசாவிடம். சூரியனை ஆராயும் டேவிட் ஹாத்அவேயும் வளிமண்டல ஆய்வாளரான பால் மேயரும் ஒவ்வொரு படத்தையும் நகர்த்தி, திருப்பி, அளவு மாற்றி, ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருத்தினார்கள். பொருந்திய படங்களைச் சேர்த்தபோது புள்ளி இரைச்சல் அடங்கி, மறைந்திருந்த விவரங்கள் எழுந்தன.

ஆனாலும் இதற்கு மூன்று விலைகள் உண்டு. படத்தைத் தள்ளி வைத்தால் ஓரம் காலியாகும்; வெட்ட வேண்டும். ஐந்து மடங்கு ஜூமில் இரண்டு பாகை இப்படியும் இரண்டு பாகை அப்படியும் தள்ளாடியிருந்தால், 1920 புள்ளி அகலத்தில் கால் பங்கு போய்விடும். ஆகவே காற்று அடிக்கும் இடத்தில் சட்டத்தை அகலமாக வைத்து எடுங்கள். இரண்டாவது, பஞ்சாயத்து தவறலாம். சட்டம் முழுக்க ஆடும் தென்னந்தோப்போ அலைகடலோ இருந்தால் பெரும்பான்மையே தவறாகச் சொல்லும். மென்பொருள் தென்னையை நிறுத்திக் கரையை ஆட்டிவிடும். சுழல்காட்டியின் பதிவைக் கொண்டு திருத்தும் 'ஜைரோஃப்ளோ' போன்ற மென்பொருள்கள் இங்கே ஏமாறுவதில்லை, அவை தென்னையைப் பார்ப்பதே இல்லை.

மூன்றாவதுதான் தீராதது. கேமரா ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கண நேரம் கண் திறந்து ஒளியை வாங்குகிறது, வழக்கமாக நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. அந்தக் கணத்துக்குள் கேமரா அசைந்தால் ரயில் ஒரு தீற்றலாகப் பதிந்துவிடும். மென்பொருள் தீற்றலைச் சரியான இடத்தில் வைக்கும்; தீற்றலை ரயிலாக மாற்ற அதனால் ஆகாது. திருத்திய காணொளியில் படம் நிலையாக நிற்கும், ஆனால் மூச்சு வாங்குவதுபோல் தெளிந்தும் மங்கியும் துடிக்கும். பின்னால் திருத்தப் போகிறோம் என்று தெரிந்தால், ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை நொடியில் இருநூறில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் வைப்பது நல்லது. இன்னொன்று, இன்றைய உணர்விகள் படத்தை முழுதாக ஒரே நேரத்தில் எடுப்பதில்லை. மேல்வரியிலிருந்து கீழ்வரி வரை வரிவரியாகப் படிக்கின்றன. சுழலும் மின்விசிறியைக் கைபேசியில் எடுத்தால் இறக்கைகள் வளைந்து தெரிவது அதனால்தான். மேல்வரி பதிந்தபோது கேமரா ஓரிடத்தில், கீழ்வரி பதிந்தபோது வேறிடத்தில். நொடிக்குப் பல பத்துத் தடவை நடுங்கிய நண்பரின் முக்காலியில் ஒரே படத்துக்குள் தூண் நெளிந்தது இப்படித்தான்.

எங்கள் இரண்டு காணொளியையும் திருத்திப் பார்த்தோம். என்னுடைய படகாட்டம் ஓரம் வெட்டுப்பட்டு ஓரளவு தேறியது. நண்பரின் முக்காலிக் காணொளி தேறவில்லை. மெதுவான பெரிய ஆட்டத்தை மென்பொருள் மீட்டுத் தரும்; வேகமான சின்ன நடுக்கத்தை எடுக்கும்போதே நிறுத்தியாக வேண்டும். அடுத்த முறை காற்றில் கேமராவை நிறுத்தும்போது, வேறு எதையும் வாங்கும் முன் அந்தத் தோள் வாரைக் கழற்றிப் பைக்குள் போடுங்கள். முக்காலியை இடுப்புக்குக் கீழே இறக்குங்கள்.